கைக்கணக்கும் கர்ணமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



சாப்பாட்டு மணிக்கு முன்னால் கணக்கு வாத்தியாரைப் பேச விட்டிருக்கிறார்கள். பசி நேரத்தில் கணக்கு என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? முப்பத்து நான்கு வருஷம் கடைசி பீரியட் எடுத்தவன் நான். அதனால் ஒரே ஒரு கணக்குதான் சொல்லப் போகிறேன். அதுவும் நாம் எல்லோரும் ஒன்பதாம் வகுப்பிலேயே படித்த கணக்கு. பிதாகரஸ் தேற்றம். அந்தக் கணக்கில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லப் போகிறேன். வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தது. நம்ம ஆட்கள் முன்னால் சொல்வதில் என்ன வெட்கம்?

முதலில் தேற்றம். ஒரு செங்கோண முக்கோணத்தில் இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் வரும். 3, 4 என்றால் 9-ம் 16-ம் சேர்ந்து 25. அதன் வர்க்கமூலம் 5. அவ்வளவுதான்.

இதை நம் கோவை மாவட்டத்தில் புத்தகம் தொடாத எத்தனையோ பேர் தினமும் செய்கிறார்கள். வீட்டுக்குக் கால்கோள் போடும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மேஸ்திரி மூலையில் ஒரு முளை அடிப்பார். இரண்டு பக்கமும் நூல் கட்டுவார். ஒரு நூலில் 3 அடியில் ஒரு குறி, இன்னொரு நூலில் 4 அடியில் ஒரு குறி. இரண்டு குறிக்கும் நடுவே டேப்பைப் பிடித்தால் 5 அடி இருக்க வேண்டும். இல்லையென்றால் நூலை நகர்த்துவார். அனுபவம் உள்ளவர் 3, 4-ஓடு நிற்க மாட்டார். 6, 8, 10 வைப்பார். இடம் இருந்தால் 9, 12, 15 வைப்பார். ‘பெருசா வெச்சா பிசகு கம்மிங்க’ என்பார். சரியான பேச்சு. குறி வைப்பதில் கால் அங்குலம் தவறினால், 5 அடியில் அது எவ்வளவு கோணலாகுமோ, 15 அடியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேஸ்திரி செய்வது தேற்றத்தைத் திருப்பிப் போட்டது. மூலை செங்கோணம் என்பதிலிருந்து கர்ணத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. கர்ணம் 5 என்பதை வைத்து மூலை செங்கோணம் என்று முடிவு கட்டுகிறார். யூக்ளிட் முதல் புத்தகத்தில் தேற்றத்தை 47-ஆவதாகவும், இந்த மறுதலையை 48-ஆவதாகவும் தனித்தனியாக நிறுவினார். பரீட்சைக்கு 47. வீடு கட்ட 48.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச வருஷத்தில் ஒரு இலக்கிய மன்றக் கூட்டத்தில் ஒருவர் ஒரு பழம்பாட்டைச் சொன்னார். போதையனார் என்ற புலவர் பெயரில் வழங்குகிற பாட்டு. இப்போது வாட்ஸப்பில் வாரம் ஒருமுறை வருகிறதே, அதேதான். பாட்டை விட்டுவிடுவோம், கணக்கைச் சொல்கிறேன். செங்கோணத்தின் நீளப் பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு. மிச்சத்தோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர். வருவது கர்ணம்.

போட்டுப் பாருங்கள். பக்கங்கள் 4, 3. நாலில் எட்டில் ஒன்று அரை. அதைத் தள்ளினால் மூன்றரை. மூன்றில் பாதி ஒன்றரை. கூட்டினால் 5! அடுத்தது 12, 5. பன்னிரண்டில் எட்டில் ஒன்று ஒன்றரை, தள்ளினால் பத்தரை. ஐந்தில் பாதி இரண்டரை. கூட்டினால் 13! வர்க்கமும் இல்லை, வர்க்கமூலமும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பிதாகரஸை நம்ம ஆள் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்தேன். மறுநாளே வகுப்பில் சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொன்னேன்.

ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை எழுந்து நின்றது. ‘சார், 15-க்கும் 8-க்கும் போட்டேனுங்க சார். பதினேழு வரணும். பதினேழே அரைக்கால் வருதுங்க.’

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கரும்பலகைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. ‘எங்காவது தப்பா போட்டிருப்பே அம்மிணி, உட்காரு’ என்றேன். அது உட்கார்ந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கணக்கைத் தப்பாகப் போட்டது அது இல்லை, நான்தான்.

எனக்கு ஏன் சந்தேகமே வரவில்லை என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். காரணம் ரொம்ப எளிது. நாம் வகுப்பில் கொடுக்கும் கணக்கெல்லாம் 3, 4, 5. இல்லாவிட்டால் 6, 8, 10. இல்லாவிட்டால் 5, 12, 13. விடை முழு எண்ணாக வரட்டும் என்று இந்தக் கணக்குகளையே திருப்பித் திருப்பிக் கொடுக்கிறோம். அந்த இரண்டு முக்கோணத்துக்கும் சூத்திரம் கச்சிதமாக வருகிறது. அப்புறம் எப்படிப் பிடிபடும்?

பிடிபட்டது பல்லடம் பக்கத்தில், ஒரு கோழிப்பண்ணையில்.

என்னிடம் படித்த பையன் ஒருவர் கூரை வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். நல்ல உழைப்பாளி. ஒரு நாள் காலையில் வண்டியோடு வீட்டு வாசலில் நின்றார். ‘சார், ஒரு எட்டு வந்து பார்க்கோணுமுங்க’ என்றார். போனேன். கொட்டகை அகலம் 24 அடி. அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 12 அடி. முகடு 4 அடி உயரம். சாய்வுப் பைப் எவ்வளவு நீளம் வேண்டும்? அவர் நான் சொல்லிக் கொடுத்த கணக்கைப் போட்டிருக்கிறார். பன்னிரண்டில் எட்டில் ஒன்றைத் தள்ளினால் பத்தரை, நாலில் பாதி இரண்டு, ஆகப் பன்னிரண்டரை. 11 ஜோடி, 22 பைப். எல்லாவற்றையும் ஒரே அளவாக அறுத்து, துளைக்குத் துளை பன்னிரண்டரை அடி வைத்து, தரையிலேயே துளையும் போட்டுவிட்டார். மேலே ஏற்றிப் பார்த்தால், நடுக்கால் 4 அடி உயரத்தில் நிற்கிறது. பைப் இரண்டும் சேரும் இடம் மூன்றரை அடியில் இருக்கிறது.

‘கணக்கு உங்க கணக்குத்தானுங்க சார். நடுக்கால் அரை அடி தூக்கிக்கிட்டு நிக்குதுங்க’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அங்கேயே ஒரு சிமெண்ட் பையைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். 12-இன் வர்க்கம் 144. 4-இன் வர்க்கம் 16. கூட்டினால் 160. அதன் வர்க்கமூலம் 12.65 அடி. அவர் அறுத்தது 12.5. குறைவு இரண்டு அங்குலம்கூட இல்லை. ஆனால் உயரத்தில் குறைந்தது ஆறு அங்குலம்! எப்படி? பன்னிரண்டரை அடிப் பைப்பை 12 அடி கிடைக்கு வைத்தால் உயரம் என்ன வரும்? 156.25-இலிருந்து 144 போனால் 12.25. அதன் வர்க்கமூலம் மூன்றரை. தேற்றம் சொன்னபடியே கூரை நின்றது. தப்பாக இருந்தது சூத்திரம் மட்டுந்தான். தாழ்ந்த சாய்வுக் கூரையில் நீளத்தில் விழுகிற சின்னக் குறை, உயரத்தில் மூன்று பங்கு, நான்கு பங்காகத் தெரியும். பைப்பின் ஓரத்தில் ஒரு அங்குலம்தான் மிச்சம் இருந்தது. புதுத் துளை போட இடமில்லை. 22 பைப்பும் வீண். பணம் கொடுக்கிறேன் என்றேன். ‘வாத்தியார்கிட்ட வாங்கற பழக்கமில்லீங்க’ என்று சொல்லிவிட்டார்.

அன்று இரவு உட்கார்ந்தேன். முப்பது வருஷம் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலையை அன்றைக்குச் செய்தேன். நீளப் பக்கத்துக்கு ‘நீ’, குட்டைப் பக்கத்துக்கு ‘கு’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். சூத்திரம் சொல்வது, எட்டில் ஏழு பங்கு நீ, கூட்டல் பாதி கு. அதை வர்க்கப்படுத்தி, நீ² + கு² என்பதற்குச் சமமாக வைத்துச் சுருக்கினேன். வந்தது இது:

15நீ² − 56நீகு + 48கு² = 0

காரணிப்படுத்தினால்:

(3நீ − 4கு)(5நீ − 12கு) = 0

பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். முதல் காரணி 3, 4, 5 முக்கோணம். இரண்டாவது காரணி 5, 12, 13 முக்கோணம். இந்தச் சூத்திரம் சரியாக வருவது இந்த இரண்டு முக்கோணத்துக்கும், இவற்றைப் பெருக்கிப் போட்ட முக்கோணங்களுக்கும் மட்டும். உலகத்தில் வேறு எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் வராது. நான் எந்த இரண்டை வைத்துச் சோதித்துப் பெருமைப்பட்டேனோ, அந்த இரண்டுக்கு மட்டும்!

அப்படியானால் இந்தப் பாட்டு பொய்யா? இங்கேதான் அவசரப்படக் கூடாது. மேலும் கணக்குப் போட்டேன். நீளப் பக்கம் குட்டைப் பக்கத்தைப்போல் ஒன்றே மூன்றில் ஒரு மடங்கிலிருந்து 2.4 மடங்கு வரை இருந்தால், இந்தச் சூத்திரம் கொடுக்கும் விடை உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஒருபோதும் குறையாது. கூடுவதும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, அதிகபட்சம் 0.8-க்குள். இது எந்த முக்கோணம் தெரியுமா? நம் ஊர் ஓட்டு வில்லை வீட்டுக் கூரைச் சாய்வு. பாதி அகலம் 10 அடி, முகடு 5 அடி என்றால் சூத்திரம் 11.25 அடி என்கிறது. உண்மை 11.18. ஒரு அங்குலத்துக்கும் குறைவான மிச்சம். கைமரம் நீளமாக இருந்தால் ஆசாரி அறுத்துக்கொள்வார். குட்டையாகப் போனால் இழுத்து நீட்ட முடியுமா? மரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காகிதம் பேனா இல்லாமல், மனசில் போடுவதற்கு இதைவிட நல்ல கணக்குக் கிடைக்காது. இதைச் செய்தவர் யாராக இருந்தாலும் அந்த இரண்டு முக்கோணத்தையும் நன்றாக அறிந்தவர். இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டு இணைத்த கெட்டிக்காரர். அது கைக்கணக்கு. கைக்கணக்கை நான் தேற்றம் என்று சொன்னதுதான் தப்பு.

அந்த எல்லைக்கு வெளியே போனால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் சமமாக, ஒரு அடிக்கு ஒரு அடி என்று வையுங்கள். சூத்திரம் 1.375, உண்மை 1.414. குறைகிறது. தாழ்ந்த சாய்வுக்கு இன்னும் மோசம். நம் பக்கத்து நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சர்வே புலப்படம் எப்படிப் போட்டிருக்கிறது? நிலத்துக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு ஓட்டி, அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்தாக அளவு எடுத்துக் குறித்திருக்கிறார்கள். அதனால் புலப்படம் முழுக்கச் செங்கோண முக்கோணங்கள்தான். கோட்டின் மேல் 40 மீட்டர் தள்ளி, செங்குத்தாக 9 மீட்டரில் உங்கள் மூலைக்கல் இருந்தால், சாய்ந்து போகும் வரப்பின் நீளம் என்ன? 1600-ம் 81-ம் சேர்ந்து 1681. வர்க்கமூலம் 41 மீட்டர். அந்தச் சூத்திரம் என்ன சொல்லும்? 35-ம் நாலரையும், ஆக 39.5. நேராகப் போனாலே 40 மீட்டர். சாய்ந்து போகிற வரப்பு அதைவிடக் குட்டையாம்! ஒன்றரை மீட்டர் வரப்பு காணாமல் போய்விட்டது. ஒரு சாண் வரப்புக்குக் கோர்ட் ஏறுகிற ஊருங்க இது!

மனையிலும் அப்படித்தான். 30-க்கு 40 மனை என்றால் குறுக்களவு 50 அடி. எந்தக் கணக்கிலும் சரியாக வரும். 40-க்கு 60, நம் ஐந்தரை சென்ட் மனை, அதற்குக் குறுக்களவு 72.11 அடி. சூத்திரம் 72.5 சொல்லும். ‘ஐந்து அங்குலந்தானே’ என்று அந்த அளவுக்கு நூல் பிடித்தால், 40 அடி தள்ளிப் பின்பக்க மூலை ஐந்தரை அங்குலத்துக்கு மேல் நகர்ந்து நிற்கும். கூரைக்குக் கூடுதல் நல்லது. அஸ்திவாரத்துக்குக் கூடுதலும் கெடுதல்தான்.

நம் பெருமைக்கு இதனால் குறைச்சல் வந்துவிட்டதா என்று சிலர் கேட்கலாம். ஏற்கெனவே இதைச் சொன்ன இடத்தில் ஒருவர் என்னைத் தமிழ் விரோதி என்றே சொல்லிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போதாயனர் என்று இன்னொருவர் இருக்கிறார். வடமொழியில் சுல்ப சூத்திரம் செய்தவர். பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சுல்பம் என்றால் கயிறு. யாக மேடைக்குக் கயிறு பிடித்துச் செங்கல் அடுக்குவதற்கான நூல் அது. நம் மேஸ்திரியின் நூல்தான்! அதில் செவ்வகத்தின் குறுக்குக் கயிறு உண்டாக்கும் பரப்பு, இரண்டு பக்கங்களும் தனித்தனியே உண்டாக்கும் பரப்புகளின் கூட்டுத்தொகை என்று, எல்லாச் செவ்வகத்துக்கும் பொதுவாகத் தேற்றமே சொல்லப்பட்டிருக்கிறது. 2-இன் வர்க்கமூலத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஒன்று, அதோடு மூன்றில் ஒன்று, அதோடு பன்னிரண்டில் ஒன்று, அதிலிருந்து 408-இல் ஒன்றைத் தள்ளு. 1.41421 வரை சரியாக வருகிறது. பிதாகரஸுக்கு முன்னால் இது தெரிந்தவர்கள் நாம் மட்டும் இல்லை. கி.மு. 1800 வாக்கில் பாபிலோனியர் எழுதிய களிமண் பலகை ஒன்றில் இப்படிப்பட்ட முக்கோணங்களின் எண்கள் வரிசையாக இருக்கின்றன. கயிறு பிடித்துக் கட்டிடம் கட்டியவன் எவனும் இதைத் தொடாமல் போயிருக்க முடியாது.

அடுத்து, பக்ஷாலி சுவடி. 1881-இல் பெஷாவர் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அதில் வர்க்கமூலம் காண ஒரு வழி உண்டு. எங்கள் கோழிப்பண்ணைக் கணக்கை அதில் போட்டுக் காட்டுகிறேன். 160 வேண்டும். பக்கத்தில் இருக்கும் முழு வர்க்கம் 144. அதன் மூலம் 12. மிச்சம் 16. அந்த 16-ஐ, 12-இன் இரட்டிப்பான 24-ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு. 12-ஓடு சேர்த்தால் 12.667 அடி. உண்மை 12.649. வித்தியாசம் கால் அங்குலம்கூட இல்லை! அந்தச் சுவடி இன்னும் ஒரு படி போய் ஒரு சின்னத் திருத்தம் சொல்கிறது. அதையும் செய்தால் நான்கு தசம இடம் வரை சரியாக வந்துவிடும்.

முதல் படியை மட்டும் கூரை வேலைக்காரர்களுக்காக இப்படிச் சொல்கிறேன்: குட்டைப் பக்கத்தின் வர்க்கத்தை, நீளப் பக்கத்தின் இரட்டிப்பால் வகுத்து, நீளப் பக்கத்தோடு சேர். நீளம் குட்டையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் இதை நம்பலாம். எப்போதும் இம்மி கூடுதலாகத்தான் வரும், குறையவே குறையாது. சாய்வு குறையக் குறைய இன்னும் துல்லியமாகும். பழைய கைக்கணக்கு கைவிடுகிற இடத்தில் இது கைகொடுக்கும். அந்தப் பையனுக்கு இதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது எல்லையையும் சேர்த்து எழுதினேன்: எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது.

நண்பர்களே, இங்கே பம்பு செட் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், மில் நடத்துகிறவர்கள், வாத்தியார்கள், அதிகாரிகள் இருக்கிறீர்கள். ஒவ்வொருவர் தொழிலிலும் இப்படிப் பெரியவர்கள் கொடுத்த கைக்கணக்கு ஒன்று இருக்கும். அதைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்துக்காகச் செய்தார்கள், எந்த இடத்தில் அது நிற்காது என்று போட்டுப் பாருங்கள். பொருந்துகிற இரண்டை எடுத்துக்காட்டினால் அது சோதனை ஆகாது. பொருந்தாத ஒன்றைத் தேடிப் போக வேண்டும். வீட்டில் பேரன் பேத்தி ‘தாத்தா, வரலையே’ என்று சொன்னால், தயவுசெய்து உட்காரச் சொல்லாதீர்கள். நோட்டை வாங்கிப் பாருங்கள்.

அந்தப் பெண் குழந்தை இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ தெரியாது. எங்கே இருந்தாலும் சரி, அம்மிணி, 15-க்கும் 8-க்கும் நீ போட்டது சரி. பதினேழே அரைக்கால்தான் வரும். வாத்தியார்தான் தப்பு.

சாப்பாடு ஆறுகிறது.